கடைசி ஆளுக்கு முதல் பந்தி!

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியாதா? வடை தீர்ந்திருக்கும். பாயசம் அடிப்பிடித்த வாசனையோடு வரும். பரிமாறுகிறவர்கள் இலையைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆடுகிற ஐஸ் ஹாக்கியில், வருஷம் பூரா தோற்றுத் தோற்றுக் கடைசியில் நிற்கிற அணியைத்தான் முதல் இலையில் உட்கார்த்தி உபசரிக்கிறார்கள். அடுத்த வருஷத்துக்கான புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர்.

எனக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எழும்பூர் மைதானத்தில் ஹாக்கி என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம்ம பாஸ்கரன் கேப்டனாக இருந்து தங்கம் வாங்கிய கதையை இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் மாசமே கேட்டாகிவிட்டது. என் ஓரகத்தி மகன் டொராண்டோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் அவனும் தாத்தாவும் பேசுவது முழுக்க ஹாக்கிதான். சமையலறையில் நின்றபடியே பாதி விஷயம் என் காதில் விழுந்துவிடும்.

2025 மே மாசம் நம்ம சென்னை கிரிக்கெட் அணி கடைசி இடத்தில் கிடந்ததே, அப்போதுதான் இந்த டிராஃப்ட் பேச்சு எங்கள் வீட்டில் வந்தது. "சித்தி, அங்க தோத்தா அழறீங்க. இங்க சில வருஷம் தோக்கலைன்னாத்தான் அழுவாங்க" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் சொன்னதெல்லாம் நடந்த கதை.

1984-ல் பிட்ஸ்பர்க் என்ற ஊரின் அணி படுமோசம். மரியோ லெமியூ என்ற ஒரு பையன் அந்த வருஷம் டிராஃப்டுக்கு வருகிறான். பார்த்தவர்கள் எல்லாம் இவன் சாதாரணப் பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி இடத்துக்கு பிட்ஸ்பர்க்குக்கும் நியூஜெர்ஸிக்கும் போட்டி! பருவம் முடியும் சமயத்தில் பிட்ஸ்பர்க்காரர்கள் தங்கள் சிறந்த தடுப்பு ஆட்டக்காரரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த கோல் கீப்பரைக் கீழ் அணிக்கு அனுப்பிவிட்டு வேறொருவரை நிறுத்தினார்கள். ஊர் வாயை மூட முடியுமா? வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று பேச்சு எழுந்தது. கடைசியில் பிட்ஸ்பர்க் 38 புள்ளி, நியூஜெர்ஸி 41. அந்த மூன்று புள்ளியில் லெமியூ பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். முதல் ஆட்டத்தில், தான் அடித்த முதல் அடியிலேயே கோல் போட்டார். 1991, 1992 இரண்டு வருஷமும் கோப்பை அந்த ஊருக்கு. பின்னாளில் அந்த அணியையே வாங்கி முதலாளியும் ஆனார் என்றால் பாருங்கள்.

இதன் அடிப்படை யோசனை நமக்குப் புரியாததில்லை. வீட்டில் நாலு பிள்ளை இருந்தால் நோஞ்சானுக்குத்தான் முதல் கரண்டி நெய் விடுவோம். அப்போதுதானே அதுவும் மற்றதோடு ஓடியாடும்? எல்லாப் பணமும் பலமும் ஒரே ஊரில் சேர்ந்துவிடக் கூடாது என்று அவர்கள் வைத்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெய்க்கு ஆசைப்பட்டு கொழுகொழு பிள்ளையும் "எனக்குத் தலைசுத்துது" என்று படுத்துக்கொண்டால்?

அதனால் 1995-லிருந்து குலுக்கலைக் கொண்டுவந்தார்கள். கடைசி இடத்தில் இருந்தால் முதல் ஆள் நிச்சயம் என்பது போய், கடைசி இடத்துக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் என்றாயிற்று. நம் தெருவில் சீட்டுப் பிடிக்கிறோமே, குலுக்கல் சீட்டு, அதே கதை. ஒரு வித்தியாசம், ரொம்பக் கஷ்டப்படுகிறவர் பெயரை மட்டும் கூடுதலாகச் சில துண்டுகளில் எழுதிப் போடுகிறார்கள்.

குலுக்கல் வந்தால் தோற்கிற ஆசை விட்டுவிடுமா? பஃபலோ ஊர்க்காரர்களைக் கேளுங்கள். 2015-ல் கானர் மெக்டேவிட் என்ற பையன் வருகிறான். பஃபலோவும் அரிசோனாவும் அடிமட்டத்தில். மார்ச் கடைசியில் இரண்டு அணியும் பஃபலோவில் மோதுகின்றன. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. அரிசோனா கோல் போடுகிறது. சொந்த ஊர் மக்கள் எழுந்து கை தட்டுகிறார்கள்! தங்கள் அணி தோற்றதற்கு!

இதைக் கேட்டபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. அந்த ஆட்டக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மூச்சு வாங்க ஓடிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் நம் வீட்டு மனுஷர்களே எதிராளிக்குக் கை தட்டுகிறார்கள். பரிசை வாங்கப் போகிற முதலாளி இருப்பார், அடுத்த வருஷம் சந்தோஷப்படப் போகிற ரசிகர் இருப்பார். ஆனால் இன்றைக்குத் தோற்று உதை வாங்குகிற பையன் அடுத்த வருஷம் அந்த அணியில் இருப்பான் என்று என்ன நிச்சயம்? புது ஆள் வந்தால் போகப்போவதே அவன் இடம்தானே. அவனைப் பார்த்து "தோற்றுக்கொடு" என்று சொல்வது, மருமகளிடம் "அடுத்த மருமகள் வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கோ" என்று சொல்கிற மாதிரி இல்லையோ?

அவ்வளவு ஆசைப்பட்டும் என்ன நடந்தது? பஃபலோ கடைசி இடம் வந்தது, 54 புள்ளி. குலுக்கலில் அவர்களுக்கு 20 சதவீத வாய்ப்பு. வெறும் 11.5 சதவீதம் இருந்த எட்மண்டனுக்குச் சீட்டு விழுந்தது. எட்மண்டனுக்கோ ஆறு வருஷத்தில் அது நாலாவது முதல் ஆள்! பஃபலோ அதற்கு முந்தின வருஷமும் கடைசி, அப்போதும் குலுக்கலில் ஏமாந்து இரண்டாவது ஆளைத்தான் எடுத்தது. 2025-ல் முடிந்த பருவம் வரை 14 பருவங்களாக அந்த அணி அடுத்த சுற்றுக்கே போகவில்லை. எட்மண்டன் மட்டும் கோட்டை கட்டிவிட்டதா? 2024, 2025 இரண்டு வருஷமும் இறுதிவரை வந்து ஃப்ளோரிடாவிடம் தோற்றது. ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஊரையே தூக்கி நிறுத்த முடியாது போலிருக்கிறது. என் ஓரகத்தி மகனின் டொராண்டோவுக்கு மட்டும் 2016-ல் கடைசி இடமும் கிடைத்து, குலுக்கலும் விழுந்து, ஆஸ்டன் மாத்யூஸ் வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே நாலு கோல். ஆனால் அந்த ஆட்டத்தில் டொராண்டோ தோற்றுவிட்டது! இதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமையா துக்கமா என்றே தெரியவில்லை.

2025-ல் குலுக்கல் இன்னும் வேடிக்கை. கடைசி இடத்திலிருந்து பத்தாவதாக இருந்த ஒரு நியூயார்க் அணிக்கு, 3.5 சதவீத வாய்ப்பில், முதல் சீட்டு விழுந்தது. அவர்கள் எடுத்தது மாத்யூ ஷேஃபர் என்ற 17 வயதுப் பையனை. அவனுடைய அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் மார்பகப் புற்றுநோயில் இறந்திருந்தார். முதல் ஆளாகப் பெயர் கூப்பிடும்போது பார்க்க அம்மா இல்லை. பையன் கண்கலங்கியபடி மேடை ஏறினான் என்று படித்தபோது எனக்கு ஹாக்கி, குலுக்கல் எல்லாம் மறந்துபோனது. (சகோதரிகளே, பேச்சோடு பேச்சாக ஒன்று. மார்பில் கட்டியோ, காம்பில் மாற்றமோ தெரிந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளாமல் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நாம்தான் வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு நம்மை மறக்கிற ஜாதி.)

இந்தக் கதைகளில் எங்கள் வீட்டில் யார் ரொம்ப மயங்கியது தெரியுமா? என் இளைய மகன். ஏழாம் வகுப்பு. திருநீர்மலை அடிவாரத்தில் பிள்ளைகள் சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவார்கள். நாம் சின்ன வயதில் உத்தி பிரித்தோமே, இரண்டு இரண்டு பேராகக் கழுத்தில் கைபோட்டு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு "உனக்கு ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?" என்று தலைவியிடம் கேட்போம். யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே எடுப்பதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. இப்போது அதெல்லாம் கிடையாது. இரண்டு கேப்டன் நின்றுகொண்டு நேரடியாக "நீ வா, நீ வா" என்று கூப்பிடுகிறார்கள். என் பையன் எப்போதும் கடைசி. ஆள் ஒற்றைப்படையாக வந்துவிட்டால் ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு பக்கமும் ஃபீல்டிங் பண்ணலாம், பேட் கிடையாது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்ல மாட்டான். கால் கழுவுகிற நேரம் அதிகமாக இருந்தால் நானே புரிந்துகொள்வேன்.

"அம்மா, அங்க கடைசில வர்றவங்களுக்கு முதல் சாய்ஸாம்மா?" என்று கேட்டுவிட்டு மறுநாளே மைதானத்தில் போய்ச் சொல்லியிருக்கிறான், நேற்றுத் தோற்ற கேப்டன் இன்றைக்கு முதலில் ஆள் எடுக்கட்டும் என்று. பெரிய பையன்களும் சரி என்றார்கள். முதல் வாரம் ஆட்டங்கள் நெருக்கமாகப் போனதாம், நல்ல சண்டை. இரண்டாவது வாரம் ஒரு கெட்டிக்காரன், எப்படியும் தோற்கப்போகிற கடைசி ஓவரில் கேட்சைத் தவற விட்டான், மறுநாள் அந்தத் தெருவின் சிக்ஸர் மன்னனைத் தூக்கிக்கொள்ளலாமே என்று! உடனே ரகளை. மூன்றாவது வாரம் அவர்களும் காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கனடாக்காரர்கள் பல வருஷம் யோசித்துக் கண்டுபிடித்ததை நம்ம பிள்ளைகள் பதினைந்து நாளில் கண்டுபிடித்தார்கள். யார் முதலில் எடுத்தாலும் என் பையன் கடைசியில்தான் நின்றான் என்பது வேறு விஷயம். ஆனால் சப்பாணி வேலை நின்றது. ஆள் ஒற்றைப்படையானால் தோற்ற பக்கத்துக்கு ஒரு ஆள் கூடுதல் என்று இன்னொரு சட்டத்தையும் அவனே போட்டுக்கொண்டான்.

சரி, நம்ம சென்னை அணிக்கு வருவோம். ஐந்து தடவை கோப்பை வாங்கிய அணி, 2025-க்கு முன்னால் ஒரு தடவைகூடக் கடைசி இடம் பார்க்காத அணி. அந்த வருஷம் முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்ததோடு சரி. அடுத்த ஐந்தும் தோல்வி. ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு அவர் விலக, தோனியே மறுபடி கேப்டன். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு 20 ஓவரில் 103 ரன்தான். அவர்கள் 10 ஓவர் சொச்சத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். நான் குக்கர் வைத்துவிட்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்தது என்றால் அது வெறும் பேச்சில்லை. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டத்தில் 5 தோல்வி. தாம்பரத்தில் ரயில் ஏறுகிற மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் திரும்பும்போது சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார்கள்.

ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடமும் தோற்று, இனி வாய்ப்பே இல்லை என்று ஆனதும் என் மூத்தவன், "மீதி ஆட்டத்துலயும் தோத்துட்டா நல்லதுதானே, அடுத்த வருஷம் நல்ல ஆளா எடுக்கலாம்" என்றான். அண்ணன் சொன்ன கனடா கதை தலைக்கு ஏறிவிட்டது. மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். "இங்க தோத்தா ஒண்ணும் கிடைக்காதுடா. தோல்விதான் கிடைக்கும்" என்றார்.

அவர் சொன்னதுதான் நிஜம். நம் ஐ.பி.எல். குலுக்கல் சீட்டு இல்லை, ஏலச் சீட்டு. கையில் காசு இருக்கிறவர் கேட்கலாம், அவ்வளவுதான். கடைசி இடத்துக்கு எந்தச் சலுகையும் கிடையாது. நம் நாட்டு ஹாக்கி லீக்கிலும் ஏலம்தான். 2024-ல் ஆண்கள் அணிக்கு 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி என்று பர்ஸ் கொடுத்தார்கள். ஆண்களில் அதிக விலை ஹர்மன்பிரீத், 78 லட்சம். பெண்களில் உதிதா, 32 லட்சம். அதே குச்சி, அதே பந்து! இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

டிராஃப்ட் நம்மிடம் அறவே இல்லாமலும் இல்லை. 2008-ல் 19 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை ஜெயித்த பையன்களை அணிகளுக்கு அப்படித்தான் பிரித்தார்கள். டெல்லி அணி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு பிரதீப் சங்வானை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். அப்புறம் 2015 டிசம்பரில், சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு வருஷம் விலக்கப்பட்டிருந்தபோது, புனே, ராஜ்கோட் என்று இரண்டு புது அணிகள் வந்தன. அணியை வாங்க ஏலம் நடந்ததே, அது அசல் நம்ம தள்ளுச் சீட்டேதான். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்கு. புனே 16 கோடி, ராஜ்கோட் 10 கோடி தள்ளின. அதிகம் தள்ளிய புனேக்கு முதல் ஆள் எடுக்கும் உரிமை. யாரை எடுத்தார்கள்? நம்ம தோனியை! ராஜ்கோட் ரெய்னாவை. சொந்த வீட்டுப் பாத்திரத்தை அடுத்த வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்துப்போன மாதிரி அன்றைக்கு ஊரே உட்கார்ந்திருந்தது. அந்தப் புனே 2016-ல் எட்டு அணியில் ஏழாவதாக வந்தது.

2025-ல் கடைசி இடத்தால் நமக்கு ஒரே ஒரு லாபம். இடம் காலியானது. 2024 நவம்பர் ஏலத்தில் யாரும் எடுக்காமல் விட்ட மூன்று பையன்கள் பாதியில் உள்ளே வந்தார்கள். ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாயங்காலம் ஒதுக்கி வைத்த கத்திரிக்காயை மலிவாக வாங்கி வந்து, குழம்பு வைத்த பிறகு "எங்கேம்மா வாங்கினே?" என்று எல்லோரும் கேட்பார்களே, அப்படி. மாத்ரேக்கு 17 வயது. விரார் என்ற ஊர்ப் பையன். நமக்குச் செங்கல்பட்டு மாதிரி, மும்பை மின்சார ரயிலுக்கு அது ஒரு கோடி. முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32. மே 3-ல் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. அந்த ஆட்டத்தில் 2 ரன்னில் தோற்றோம். அணி ஜெயித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை யார் இறக்கியிருப்பார்கள்? சில வாரத்திலேயே இந்தியாவின் 19 வயதுக்குட்பட்ட அணிக்குக் கேப்டனாக இங்கிலாந்து போனான்.

மே 25, கடைசி ஆட்டம், அகமதாபாத்தில். நமக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஜெயித்தாலும் அதே பத்தாவது இடம். குஜராத்துக்கோ ஜெயித்தால் முதல் இரண்டு இடத்தில் ஒன்று. நம் பையன்கள் 230 அடித்தார்கள். பிரெவிஸ் 23 பந்தில் 57. குஜராத்தை 147-ல் சுருட்டி 83 ரன்னில் ஜெயித்தார்கள். குஜராத் மூன்றாம் இடத்துக்குப் போய், ஐந்து நாளில் மும்பையிடம் தோற்று வெளியே போனது. கடைசி பெஞ்சுப் பையன் ஒழுங்காகப் பரீட்சை எழுதியதால் முதல் பெஞ்சின் ரேங்க்கே மாறிப்போனது. சென்னை அன்றைக்குச் சும்மா தோற்றிருந்தால், சிரமப்பட்டு மேலே வந்த மற்ற அணிகளுக்குத்தானே அநியாயம்? 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 8 புள்ளி. ராஜஸ்தானுக்கும் அதே 8, ரன் கணக்கில் அவர்கள் ஒன்பதாவது. மூத்தவன் அன்றைக்கு ஒவ்வொரு சிக்ஸருக்கும் சோபாவில் குதித்தான். தோற்றால் நல்லது என்று சொன்ன அதே பிள்ளை!

நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்ஸனை வாங்கினார்கள். 2012-லிருந்து மஞ்சள் சட்டையில் பார்த்த மனுஷர். என் மாமனார் இரண்டு நாள் டிவி பக்கமே வரவில்லை.

டிசம்பர் 16-ல் அபுதாபியில் ஏலம். கையில் அதிகப் பணம் வைத்திருந்தது எட்டாவதாக வந்த கொல்கத்தா, 64.30 கோடி. கடைசியில் வந்த நம்மிடம் 43.40 கோடி. இந்திய அணிக்கு ஆடாத இரண்டு இளசுகளை, உத்தரப்பிரதேசத்து பிரசாந்த் வீர், ராஜஸ்தான் கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.20 கோடி கொடுத்துச் சென்னை எடுத்தது. அடிப்படை விலை 30 லட்சம்தான், 47 மடங்குக்கு மேல் ஏறியது. ஹாக்கியில் டிராஃப்டில் எடுக்கிற புதுப் பையனுக்கு ஆரம்பச் சம்பளத்தில் உச்சவரம்பு உண்டு, இஷ்டத்துக்கு ஏறாது. இதைச் சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "கடைசியா வந்ததுக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி ஏதாவது குறைச்சிருக்கலாம் இல்ல?" என்றார்.